வரியைக் குறைத்தால் சம்பளம் ஏறுமா? 2017 அமெரிக்க வரிச் சட்டத்தை வைத்து ஒரு விவாதம்

சம்பளச்சீட்டு (இழையைத் தொடங்கியவர்)

"டிரம்ப் வரியைக் குறைத்தார், தொழிலாளிக்குச் சம்பளம் ஏறியது, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

நான் அமெரிக்காவில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். 2017 டிசம்பர் 22ஆம் தேதி அந்தச் சட்டம் கையெழுத்தானது. ஜனவரியில் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான புதிய அட்டவணையை வெளியிட்டது, பிப்ரவரி 15க்குள் அமல்படுத்தச் சொன்னது. நாங்களும் மாற்றினோம். அதற்கடுத்த வாரம் ஒரு மெஷின் ஆபரேட்டர் இரண்டு சம்பளச் சீட்டுகளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார். கையில் வந்த தொகை கூடியிருக்கிறது, தனக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுத்தது யார், போய் நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

இரண்டையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மணிக்கு 16 டாலர், 40 மணி நேரம், மொத்தம் 640. இரண்டிலும் அதே 640. மத்திய வருமான வரிப் பிடித்தம் மட்டும் 68 டாலர் சொச்சத்தில் இருந்து 55க்கு இறங்கியிருந்தது. "உங்களுக்கு யாரும் ஏற்றிக் கொடுக்கவில்லை, பிடிப்பதைக் குறைத்திருக்கிறார்கள்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த 640ஐயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த 13 டாலர் பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு அது தேவைப்பட்ட பணம். ஆனால் அது அரசாங்கம் விட்டுக்கொடுத்தது, முதலாளி கொடுத்தது அல்ல. அரசியல்வாதிகள் மேடையில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். கம்பெனி வரியை 35 சதவீதத்தில் இருந்து 21க்கு இறக்கியபோது சொல்லப்பட்ட காரணமே சீட்டின் மேலே இருக்கும் மொத்தச் சம்பளம், அந்த 640, ஏறும் என்பதுதான். அது ஏறியதா? கேள்வி அவ்வளவுதான்.

எதிர்க்கணக்கு

உங்கள் ஆபரேட்டர் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அதிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. வாரம் 13 டாலர் என்றால், வருடக் கடைசியில் ரீஃபண்ட் கணக்கையும் சேர்த்து 600 டாலர் பக்கம் வரும். தனி நபருக்கான நிலையான கழிவை (வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகையை) 6,350இல் இருந்து 12,000ஆக உயர்த்தியதும் அதே சட்டம்தான். யார் கொடுத்தார்கள் என்பது வாடகை கட்டுபவருக்கு இரண்டாவது கேள்வி.

இனி கம்பெனி வரிக்கு வருகிறேன். 2017க்கு முன் பணக்கார நாடுகளிலேயே அமெரிக்காவின் விகிதம் உச்சத்தில் இருந்தது. அதனால் லாபத்தை அயர்லாந்திலும் பெர்முடாவிலும் காட்டினார்கள். முதலீட்டின் மேல் வரி போட்டால் முதலீடு குறையும். இயந்திரம் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் தொழிலாளி செய்து முடிப்பது குறையும். கடைசியில் சம்பளம் குறையும். இது அரசியல் கோஷம் இல்லை. ஜெர்மனியில் நகராட்சிகளே தொழில் வரி விகிதத்தை வைத்துக்கொள்கின்றன. அந்த மாற்றங்களை 20 ஆண்டுத் தரவோடு ஃபூஸ்ட், பைஷ்ல், சீக்லோக் என்ற பொருளியலாளர்கள் மூவரும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். வரிச் சுமையில் ஏறக்குறைய பாதி தொழிலாளர் தலையில் விழுகிறது என்பது முடிவு. அதிலும் இளையோர், பெண்கள், திறன் குறைந்த வேலையில் இருப்போர் மீது அதிகம். வரியை ஏற்றும்போது அவர்கள் அடிபடுகிறார்கள் என்றால், இறக்கும்போது அவர்களுக்கு ஒன்றுமே வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. 2018 அக்டோபரில் சராசரி மணிக்கூலி வளர்ச்சி 2009க்குப் பிறகு முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. 2019 செப்டம்பரில் வேலையின்மை 3.5 சதவீதம், 1969க்குப் பிறகு காணாத அளவு. நடந்தது நடந்ததுதானே?

இரவுஷிப்ட்

நான் கிடங்குல வேலை பாக்கறவன். படிச்ச ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது, பாத்ததைச் சொல்றேன்.

2018 ஜனவரில எங்க கம்பெனிலயும் போனஸ் அறிவிச்சாங்க. டி.வி.ல ஆயிரம் டாலர்னு வந்துச்சு. வால்மார்ட் அறிவிச்ச ஆயிரம்கூட 20 வருஷ சர்வீஸ் இருக்கறவங்களுக்குத்தான், கீழ வர வர குறையும். எங்க இடத்துல எனக்கு வந்தது 250. ஒரு தடவை. அடுத்த வருஷம் கேட்டப்ப "அது அப்ப"ன்னு சொல்லிட்டாங்க. மணிக்கூலி அசையல.

எப்ப அசைஞ்சுதுன்னா 2021ல. ஆளுங்க வர்றதும் போறதுமா இருந்தாங்க. ஒரு ராத்திரி ஷிப்ட்ல பதினோரு பேர் வேண்டிய இடத்துல ஆறு பேர் நின்னோம். வாசல்ல ஆள் தேவைன்னு ஒரு அட்டை தொங்கும். அதுல கூலி எழுதின இடத்துல வெள்ளைத் தாளை ஒட்டி புது எண் எழுதினாங்க. ஒரு வருஷத்துல மூணு தாள், ஒண்ணு மேல ஒண்ணு. ஓரத்தை நகத்தால தூக்கிப் பாத்தா பழைய எண் தெரியும். அந்த வருஷம் வாஷிங்டன்ல யாரும் கம்பெனி வரியைக் குறைக்கல.

பொருளியல்மாணவி

இரவுஷிப்ட் அண்ணா சொன்னதற்கும் எதிர்க்கணக்கு சார் சொன்னதற்கும் நடுவில் கொஞ்சம் தரவு வைக்கிறேன்.

வாக்குறுதியில் இருந்து தொடங்குவோம். 2017 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் குழு, கெவின் ஹாசெட் தலைமையில், கம்பெனி வரியை 20 சதவீதமாக்கினால் சராசரிக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,000 முதல் 9,000 டாலர் வரை உயரும் என்று எழுதிக் கொடுத்தது. அடுத்த மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நடத்திய சி.இ.ஓ.க்கள் கூட்டத்தில், இந்தச் சட்டம் வந்தால் முதலீட்டைக் கூட்டுவீர்களா, கை தூக்குங்கள் என்று கேட்டார்கள். சில கைகளே எழுந்தன. மேடையில் இருந்த அதிபரின் பொருளாதார ஆலோசகர் கேரி கோன், மற்ற கைகள் ஏன் எழவில்லை என்று கேட்டார். பணம் கிடைக்கப்போகிறவர்களே அன்று சொன்ன பதில் அது.

பிறகு நடந்தவை: 2018இல் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்கச் செலவிட்டது 800 பில்லியன் டாலருக்கு மேல், அதுவரை இல்லாத உச்சம். அந்தப் பணம் பங்குதாரர்களுக்குப் போனது. நிறுவன வரி வருவாய் 2017 நிதியாண்டில் 297 பில்லியன், அடுத்த ஆண்டு 205 பில்லியன். 2019 மே மாதம் நாடாளுமன்ற ஆய்வுச் சேவை கணக்குப் பார்த்தது. வரிச் சட்டத்தைக் காரணம் காட்டி அறிவித்த போனஸ்களை எல்லாம் கூட்டி, மொத்தத் தொழிலாளர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 28 டாலர்.

சராசரியைவிட முக்கியமானது, யாருக்குப் போனது என்பது. கென்னடி, டாப்ரிட்ஜ் முதலான பொருளியலாளர்கள் வரித்துறைத் தரவை வைத்தே ஆராய்ந்தார்கள். ஒரே நிறுவனத்துக்குள் சம்பள ஏணியின் மேல் 10 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக உயர் நிர்வாகிகளுக்கு, உயர்வு தெரிகிறது. கீழே உள்ள 90 சதவீதத்தினருக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

எதிர்க்கணக்கு

28 டாலர் என்பதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அது முதல் ஆண்டு போனஸ் மட்டும். முதலீடு பலன் தர ஆண்டுகள் ஆகும். 2024இல் சோடோரோ-ரைக், ஜிடார், ஸ்விக் மூவரும் எழுதியதையும் மாணவி சொல்லியிருக்க வேண்டும். வரி குறைந்த நிறுவனங்களில் முதலீடு உண்மையிலேயே கூடியது. மொத்த நிறுவன முதலீட்டில் பார்த்தால் 11 சதவீத அளவுக்கு. நீண்டகாலத்தில் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 750 டாலர் வரை சம்பளம் உயரும் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். பூஜ்யம் இல்லை.

பங்கு திரும்ப வாங்குவதும் பணத்தைக் கிணற்றில் போடுவது அல்ல. அந்தப் பங்குகளில் ஓய்வூதிய நிதிகளும் இருக்கின்றன.

பொருளியல்மாணவி

ஒப்புக்கொள்கிறேன் சார், அந்தக் கட்டுரையைச் சொல்லாமல் விட்டது என் தவறு. 750 உண்மையான எண். ஆனால் வாக்குறுதி குறைந்தபட்சம் 4,000. அதே ஆசிரியர்கள் இந்தச் சட்டம் தன் செலவைத் தானே ஈடுகட்டவில்லை என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் மறைத்துவிட்டு "சம்பளம் ஏறியது" என்று மட்டும் சொல்வதுதான் எனக்குச் சங்கடம்.

பங்குகள் பற்றி: அமெரிக்கக் குடும்பங்கள் வைத்திருக்கும் பங்குகளில் ஏறக்குறைய 90 சதவீதம் மேல் பத்து சதவீதக் குடும்பங்களிடம். கீழ்ப்பாதிக் குடும்பங்களிடம் ஒரு சதவீதம் அளவில். ஓய்வூதிய நிதி வழியாகக் கீழே சொட்டுவது அவ்வளவுதான்.

சம்பளச்சீட்டு

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. 2017 சட்டத்தில் கம்பெனிகளுக்கான 21 சதவீதம் நிரந்தரம். என் ஆபரேட்டரின் 13 டாலருக்கோ 2025 டிசம்பரோடு கெடு முடிகிறது என்று எழுதியிருந்தார்கள். 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அதைப் பெரும்பாலும் நிரந்தரமாக்கியது என்பது வேறு. முதலில் எழுதும்போது எதை நிரந்தரமாக்க வேண்டும், எதைத் தற்காலிகமாக விடலாம் என்று அவர்கள் முடிவு செய்த வரிசையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2018 பிப்ரவரியில் சபாநாயகர் பால் ரையன் ஒரு பள்ளிச் செயலரைப் பெருமையாகக் குறிப்பிட்டு ட்விட்டரில் எழுதினார். அந்த அம்மாவுக்கு வாரம் ஒன்றரை டாலர் கூடியதாம், காஸ்ட்கோ கடையின் ஆண்டுச் சந்தாவுக்குப் போதுமாம். எதிர்ப்பு வந்ததும் அந்தப் பதிவை நீக்கிவிட்டார். அந்த அம்மாவின் ஒன்றரை டாலரை நான் இளக்காரம் செய்ய மாட்டேன். ஆனால் அதை வெற்றி என்று காட்ட ஒரு சபாநாயகருக்கு மனம் வந்ததே.

தென்திசை

ஊரில் இருந்து எழுதுகிறேன். இந்தியாவிலும் இதே பரிசோதனை நடந்ததே, யாரும் பேசவில்லை.

2019 செப்டம்பர் 20ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவில் அறிவித்தார். நிறுவன வரி 30இல் இருந்து 22 சதவீதம், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. முதலீடு பெருகும், வேலை பெருகும் என்றார்கள். நடுவில் கொரோனா வந்தது, அதனால் முதல் இரண்டு ஆண்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை. பிறகு என்ன ஆயிற்று என்று அரசின் பொருளாதார ஆய்வறிக்கையையே பார்க்கலாம். 2024-25 அறிக்கை சொல்வது: 2023-24இல் பெருநிறுவன லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தது, வேலைவாய்ப்பு வளர்ந்தது 1.5 சதவீதம். நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் லாபம் 15 ஆண்டு உச்சம். லாபம் இப்படி ஏற, சம்பளம் பின்தங்குவதைப் பற்றி அந்த அறிக்கையே கவலை தெரிவிக்கிறது. எதிர்க்கட்சி சொன்னது அல்ல, தலைமைப் பொருளாதார ஆலோசகர் அலுவலகம் எழுதியது.

இன்னொரு எண். 2023-24இல் நிறுவனங்கள் கட்டிய நிகர வரி 9.11 லட்சம் கோடி. தனிநபர்கள் கட்டியது 10.44 லட்சம் கோடி. டி.டி.எஸ். பிடித்தது போக வாங்கும் மாதச் சம்பளக்காரன் உட்பட தனிநபர்கள் எல்லோரும் சேர்ந்து கம்பெனிகளைவிட அதிகம் சுமக்கிறார்கள். 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று சலுகை வந்தது, நல்லதுதான். ஆனால் வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பளம் வராத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் ஒன்றும் இல்லை.

புதியவாசகர்

நீண்ட நாளாகப் படிக்கிறேன், முதல்முறை எழுதுகிறேன். 2018, 2019இல் சம்பளம் ஏறியது என்று எதிர்க்கணக்கு சொன்னதை யாரும் மறுக்கவில்லை. வரிக் குறைப்பு காரணம் இல்லை என்றால் வேறு எது?

பொருளியல்மாணவி

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்தன, அவற்றைப் பிரிப்பது கஷ்டம். ஒன்று, வேலையின்மை 2010இல் இருந்தே தொடர்ந்து இறங்கிக்கொண்டு வந்தது. 2017 சட்டம் வரும்போதே அது 4.1 சதவீதம். ஆள் கிடைக்காதபோது கூலி ஏறும். இரண்டு, மத்தியக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் இருந்து 7.25 டாலரிலேயே நின்றாலும் மாநிலங்கள் தனியாக உயர்த்தின. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 15 டாலரை நோக்கிப் போகும் சட்டங்களை 2016இலேயே நிறைவேற்றின. அதன் பின்னால் 2012 நவம்பரில் நியூயார்க்கில் துரித உணவுக் கடை ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் இருக்கிறது. மூன்றாவது வரிக் குறைப்பு, பொருளாதாரத்தில் பணத்தைக் கொட்டியதால் அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

2018 ஜூலையில் விலைவாசி உயர்வு 2.9 சதவீதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3 சதவீதக் கூலி உயர்வில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும். 2020க்குப் பிறகு கீழ்மட்டக் கூலி மேல்மட்டத்தைவிட மிக வேகமாக ஏறியது. ஆட்டர், டூப், மெக்ரூ மூவரும் அதை ஆராய்ந்து சொன்ன காரணம், வேலையை விட்டு வேறு இடம் போகத் தொழிலாளிக்கு அப்போது முடிந்தது என்பதே. இரவுஷிப்ட் அண்ணா பார்த்த அந்த மூன்று தாள்கள்தான்.

அச்சகம்

அமெரிக்காவுல சின்னதா ஒரு அச்சகம் வச்சிருக்கேன். ஆறு பேர் வேலை பாக்கறாங்க. முதலாளி பக்கத்துல இருந்து யாரும் பேசலையேன்னு எழுதறேன்.

எங்களை மாதிரி சின்னத் தொழில் லாபம் உரிமையாளரோட சொந்த வருமானத்துலதான் சேரும். 2017 சட்டத்துல அதுல 20 சதவீதம் வரை கழிச்சுக்கலாம்னு வந்துச்சு. எனக்கு நல்லாவே மிச்சமாச்சு. அந்தப் பணம் எங்க போச்சுன்னு என் கணக்குப் புத்தகத்துல இருக்கு. பாதி, பழைய கடன். பாக்கிக்கு செகண்ட் ஹாண்ட்ல ஒரு கட்டிங் மெஷின். யார் சம்பளத்துக்கும் போகல. நான் கெட்டவன்னு நினைக்கல. அன்னைக்கு யாரும் கேக்கல, நானும் கொடுக்கல.

அடுத்த வருஷம் என்கிட்ட ஒன்பது வருஷமா இருந்த பைண்டர் ஒரு கவரைக் கொண்டு வந்து மேஜை மேல வச்சாரு. வேற இடத்துல மணிக்கு ரெண்டு டாலர் கூட. "அண்ணா, எனக்கு இங்கயே இருக்கணும், ஆனா வீட்டுல சொல்லியாச்சு"ன்னாரு. அரை மணி நேரத்துல ரெண்டு டாலர் ஏத்தினேன். அந்த ரெண்டு டாலர் மொதல்லயே என்கிட்ட இருந்துச்சு. அந்தக் கவர் வர்ற வரைக்கும் கொடுக்கணும்னு தோணல. இதை எழுதறப்ப வெக்கமா இருக்கு, ஆனா இதுதான் நடந்தது.

இரவுஷிப்ட்

அச்சகம் அண்ணே, மனசு விட்டு எழுதினதுக்கு நன்றி. எங்களுக்கு அந்தக் கவர் கிடைக்கறதுதான் கஷ்டம். அக்கம்பக்கத்துல இருக்கறதே ஒரு கிடங்கு. வேற எங்க போவோம்?

தென்திசை

அமெரிக்க மாநிலமான கேன்சஸையும் சொல்லுங்கள். 2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் அச்சகம் சார் சொன்ன வகைத் தொழில் வருமானத்துக்கு மாநில வருமான வரியையே எடுத்துவிட்டார். வளர்ச்சி வரவில்லை, பற்றாக்குறை வந்தது. பள்ளிகளுக்கு ஒதுக்கிய பணம் போதாது என்று மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது. 2017இல் அவர் கட்சிக்காரர்களே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அவருடைய வீட்டோவை மீறி அதைத் திருப்பிவிட்டது.

சம்பளச்சீட்டு

2025 சட்டத்தில் டிப்ஸ் வருமானத்தில் 25,000 டாலர் வரை வரிக் கழிவு, ஓவர்டைம் மிகைத்தொகையில் 12,500 வரை கழிவு என்று வந்திருக்கிறது. 2028 வரை. எங்கள் ஜன்னலில் தினமும் இதைக் கேட்கிறார்கள். ஓவர்டைம் முழுத் தொகைக்கும் இல்லை, ஒன்றரை மடங்கில் அந்த "அரை"க்கு மட்டும்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்குமான பிடித்தம் 7.65 சதவீதம் அப்படியே இருக்கிறது.

டிப்ஸ் விஷயத்தைப் பாருங்கள். மத்தியச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய நேரடிக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இல் இருந்து அதே 2.13. டிப்ஸ் சேர்த்தும் 7.25 வராவிட்டால்தான் மிச்சத்தை முதலாளி போட வேண்டும். இந்தச் சட்டம் அதை உயர்த்தவில்லை, டிப்ஸுக்கு வரிக் கழிவை மட்டும் தந்தது. யேல் பட்ஜெட் ஆய்வகக் கணக்குப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் வருமானம் குறைவு என்பதால் மத்திய வருமான வரியே கட்டுவதில்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

பொருளியல்மாணவி

அதே சட்டத்தைப் பற்றி நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் சொன்னது: பத்தாண்டில் பற்றாக்குறை 3.4 டிரில்லியன் டாலர் கூடும். வருமானத்தில் கடைசிப் பத்து சதவீதக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் இழக்கும், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் உணவு உதவியும் வெட்டப்படுவதால். மேல் பத்து சதவீதத்துக்குச் சுமார் 13,600 டாலர் கூடும்.

எதிர்க்கணக்கு

எல்லாவற்றையும் படித்தேன். அச்சகம் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

விகிதக் குறைப்பைப் பற்றி என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். 35இல் இருந்து 21க்கு இறக்கியதில் பெரும் பகுதி, ஏற்கெனவே போட்ட பழைய முதலீட்டின் லாபத்துக்குத் தந்த பரிசு. அதனால் புதிதாக ஒரு இயந்திரமும் வராது. ஆனால் புதிய இயந்திரத்தின் விலையை அதே ஆண்டில் முழுவதும் கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வேறு ரகம். வாங்கினால்தான் சலுகை. அந்த 2024 கட்டுரையே செலவழித்த டாலருக்கு இதுவே அதிக முதலீட்டைத் தந்தது என்கிறது. 2023இல் இருந்து குறைத்துக்கொண்டு வந்தார்கள், 2025 சட்டம் முழுமையாகத் திருப்பித் தந்தது. அதை நான் ஆதரிக்கிறேன், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இயந்திரம் இல்லாமல் கூலி ஏறிய நாடு எதுவும் இல்லை.

சம்பளச்சீட்டு

அதில் நீங்கள் சொல்வது சரி. இயந்திரம் வரட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் தொழிற்சாலைக்கும் போன வருடம் புதிய இயந்திரம் வந்தது. நான் முதலில் எழுதினேனே, அதே ஆபரேட்டர்தான் அதையும் ஓட்டுகிறார். முன்பு ஒன்று, இப்போது இரண்டு, நடுவில் நின்றுகொண்டு இரு பக்கமும் திரும்பித் திரும்பி. ஒரு ஷிப்டில் வெளியே போகும் சரக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. எண்ணிக்கைத் தாள் என் மேஜைக்கும் வரும், அதனால் தெரியும். அவருடைய மணிக்கூலி மாறவில்லை. மார்ச்சில் சூப்பர்வைசரிடம் கேட்டாராம், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றாராம்.

நேற்று ஜன்னலுக்கு வந்து, இயந்திரம் வருவதற்கு முந்தைய மாதச் சீட்டையும் இந்த மாதச் சீட்டையும் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை பிடித்தத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு திங்கட்கிழமை மேலே போகிறார்களாம்.